மோலினியா மூர் புல்: எந்த வகை, எந்தத் தொட்டி, எந்த மண்?

பிரிட்டனின் தோட்டக் கடைகளில் அலங்காரப் புற்கள் வைத்திருக்கும் மேசையில் மோலினியா எடுபடாது. ஏப்ரலில் போனால் தொட்டிக்குள் வெளுத்த பழந்தாள் நாலைந்தும், அடியில் இரண்டு விரற்கடைப் பச்சையும்தான் தெரியும். பக்கத்தில் ஃபெஸ்டுகா நீலமாகவும் கேரெக்ஸ் மஞ்சளாகவும் நிற்கும்போது இதை யார் கையில் எடுப்பார்கள்? அதே செடி செப்டம்பரில் 2 லிட்டர் தொட்டியில் ஊதாக் கதிர் விரித்து, ஏறத்தாழ இரட்டை விலையில், கடை வாசலுக்கே வந்துவிடும். விற்பனை சூடு பிடிப்பது அப்போதுதான். அப்படி வாங்கிய பலரும் அடுத்த ஏப்ரலில் பச்சை எதுவும் காணாமல், செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடுகிறார்கள். சில செடிகள் உண்மையிலேயே செத்திருக்கும். சில உறக்கத்தில் இருக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மண் சத்துக் குறைந்ததாகவும், அமிலச் சாய்வோடும், கோடையில் அடியோடு வறளாததாகவும் இருந்தால் இதைவிடக் குறைந்த வேலை வாங்கும் புல் அரிது. ஆண்டுதோறும் தொழு உரம் போட்டுக் கொழுத்த காய்கறிப் பாத்தி, சுண்ணாம்புக் கல் மேல் அரையடி மண், ஜூலையில் வெடிப்பு விடும் வெயில் மேடு, இந்த மூன்றில் எது உங்களுடையது என்றாலும் காசைச் சேமித்து வையுங்கள். வாங்குவதானால் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிவுக்குள், 9 செ.மீ. தொட்டியில் வாங்குங்கள். செப்டம்பரின் அழகுக்கு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

செடியின் குணம்

மோலினியா கெருலியா ஐரோப்பாவின் ஹீத் நிலத்துப் புல். ஹீத் என்பது மரம் குறைந்த, ஹெதர் போன்ற குறும்புதர்கள் மூடிய, சத்தற்ற அமில மண். டார்ட்மூர், எக்ஸ்மூர், பென்னைன் மேடுகள், மேற்கு ஸ்காட்லாந்து, அயர்லாந்து, நெதர்லாந்து, வட ஜெர்மனி எங்கும் இது தானாக வளர்கிறது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வேறொரு பேரினத்தில் வைத்திருந்ததை, 1794இல் மென்ஷ் என்ற தாவரவியலாளர் மோலினியா பேரினத்துக்கு மாற்றினார். சிலி நாட்டு இயற்கை ஆய்வாளர் ஹுவான் இக்னாசியோ மோலினாவின் பெயர் அப்படித்தான் இதற்கு வந்தது.

வாங்குபவருக்கு இதன் உடல்வாகில் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். பராமரிப்பு முழுவதும் அவற்றிலிருந்தே வருகிறது.

இது இலையுதிர் புல். மற்றப் பெரும்பாலான புற்களில் இலை காய்ந்தாலும் தூரிலேயே தொங்கும். இதன் இலைத்தகடோ அக்டோபரில் வெண்ணெய் மஞ்சளாகி, நவம்பர் வாக்கில், தாளைச் சுற்றியிருக்கும் உறையோடு சேரும் இடத்தில் கத்தரித்தாற்போல் கழன்று விழும். தெற்கு இங்கிலாந்தில் ஏப்ரல் நடுவில்தான் மறுமுளை. மேட்டு நிலங்களில் மே ஆகிவிடும். ஐந்து மாதம் தொட்டியில் பச்சை இல்லாததைக் கடைக்காரர் சொல்லித்தான் பலருக்குத் தெரியும். பெரும்பாலான கடைக்காரர்கள் சொல்வதில்லை.

அடுத்தது தாளின் அடிப்பகுதி. அங்குள்ள இடைக்கணு, அதாவது இரு கணுக்களுக்கு நடுவிலுள்ள பகுதி, பருத்துக் குட்டிக் கிழங்கைப் போல் இருக்கும். இலை விழுவதற்கு முன் அதிலுள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் உறிஞ்சி, மாவுச்சத்தோடு சேர்த்து இங்கும் வேரிலும் இறக்கி வைத்துக்கொள்கிறது. அடுத்த வசந்தத்தின் முதல் இலைகள் இந்தச் சேமிப்பில் வளர்பவை. சத்துப் பஞ்சமான மண்ணில் இது பிழைத்துக் கிடப்பதன் ரகசியம் இதுதான். இந்தப் பருத்த பகுதியை மண்ணுக்குள் ஆழப் புதைத்தால் அழுகும் என்பதையும் இப்போதே மனதில் வையுங்கள்.

கடைசியாகத் தாள். கணுக்கள் எல்லாம் அடியில் நெருங்கி இருப்பதால், மேலே கதிர் வரை ஒரே இடைக்கணு, வழவழப்பாக, கணுவே இல்லாததுபோல் நீண்டிருக்கும். அந்தக் காலத்தில் புகைக்குழாய் துடைக்க இந்தத் தாளைத்தான் பயன்படுத்தினார்கள். தோட்டத்தில் இதன் பலன், பெருங்காற்றில் தாள் வில்லாக வளைந்து மறுபடி நிமிர்வது. வேர்கள் கயிறு கனத்தில், மண் விட்டுக்கொடுத்தால் 80 செ.மீ.க்கும் கீழே இறங்கும். ஆழமில்லாத தொட்டியில் ஆண்டுக்கணக்கில் வைப்பதை இது விரும்பாததற்குக் காரணம் அதுவே.

குளிர் ஒரு பொருட்டே இல்லை. பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் இதற்கு எச்7 தரம் கொடுத்திருக்கிறது. மைனஸ் 20 டிகிரிக்குக் கீழேயும் தாங்கும் செடிகளுக்கான தரம் அது.

மண்ணும் நீரும்

கடை அட்டையில் “ஈரமான, நன்கு வடியும் மண், முழு வெயில்” என்று இருக்கும். அந்த மேசையில் உள்ள பாதிச் செடிகளுக்கு அதே வாசகம்தான். மோலினியாவைப் பொறுத்தவரை இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும்.

ஹீத் நிலத்தில் இது வளரும் மண்ணின் பிஎச் (அமில, கார அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) பெரும்பாலும் 3.5 முதல் 5 வரை. தோட்டத்தில் 4.5 முதல் 6.5 வரை தொல்லையின்றி வரும். உயரமான அருண்டினேசியா துணையினம் சுண்ணாம்புச் சத்துள்ள சதுப்போரங்களிலும் ஆற்றங்கரைகளிலும் வளர்வது, ஆகவே 7ஐத் தொட்டாலும் பொறுத்துக்கொள்ளும். “அமில மண் செடி” என்று ஒட்டுமொத்தமாக முத்திரை குத்துவது அரைகுறை உண்மை. காரத்தைவிட இதற்கு ஆகாதவை மண்ணில் மிகுந்த சத்தும் வறட்சியும்தான். மண்ணின் தழைச்சத்து வளத்தை 1 முதல் 9 வரை அளக்கும் எல்லன்பெர்க் அளவுகோலில் இதன் இடம் 2. தொட்டால் சுணைக்கும் நெட்டில் செடி வளரும் மண் 8, 9 என்று வரும் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீர் விஷயத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. நனைந்த மண் பிடிக்கும், தேங்கிய நீர் பிடிக்காது. மூர் எனும் ஈரமான திறந்த மேட்டு நிலத்தில் சரிவுகளிலும் ஓடையோரங்களிலும், அதாவது நிலத்தடி நீர் மெல்ல நகர்ந்து வேருக்குக் காற்று கிடைக்கும் இடங்களில்தான் இது மிடுக்காக நிற்கும். நீர் அசையாத குழியை ஸ்பேக்னம் பாசியும் பருத்திப்புல்லும் எடுத்துக்கொள்ளும். குளத்துக்குள் வைக்கலாமா என்றால், கூடாது. குளக்கரை மேட்டில் வைக்கலாம்.

சோதனை எளிது. 30 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி ஒருமுறை வடிய விடுங்கள். மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய நீர் இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கினால் நல்லது. மறுநாளும் நின்றால் மேட்டுப் பாத்தி தேவை. பத்து நிமிடத்தில் மறைந்தால் கோடையில் நீங்கள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். அதே குழியிலிருந்து ஒரு கரண்டி காய்ந்த மண்ணை எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்புத் துகள் இருக்கிறது என்று பொருள். அந்த மண்ணில் கந்தகம் போட்டு பிஎச் இறக்கப் பார்ப்பது வீண் வேலை. சுண்ணாம்பு கரையக் கரைய பிஎச் பழைய நிலைக்கே திரும்பும்.

லண்டன் வட்டாரத் தமிழர்களுக்கு ஒரு தோராயக் கணக்கு. ஹாரோ பக்கத்து வீடுகள் லண்டன் களிமண்ணில் நிற்கின்றன. குளிர்காலத்தில் சேறு, கோடையில் ஓடுபோல் இறுக்கம். அருண்டினேசியா வகைகள் அங்கு நிற்கும், குட்டை வகைகள் திணறும். தெற்கு க்ராய்டனில் சாக் எனும் வெண்சுண்ணாம்புப் பாறை மேலே வந்துவிடும். அங்கே தரையில் வேண்டாம். வோக்கிங், கேம்பர்லி பக்கம் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பாக்ஷாட் மணல் இயல்பிலேயே ஹீத் மண். லண்டன் குழாய்த் தண்ணீர் கடின நீர் என்பதால், தொட்டியில் வளர்ப்பவர்கள் மழைநீர்ப் பீப்பாய் வைப்பது நல்லது. தரையில் உள்ள செடிக்கு அவ்வப்போது ஊற்றும் குழாய் நீரால் பெரிய கேடு வராது.

எந்த உருவில் வாங்குவது

விதை: காட்டு மோலினியா விதை கிராம் கணக்கில் கிடைக்கும். பெயருள்ள தோட்ட வகைகள் விதையில் தாயைப்போல் வருவதில்லை. “வேரியகேட்டா விதை” என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். வரிகள் உள்ள நாற்று அதிலிருந்து வராது. காட்டு விதையை ஈர மணலில் கலந்து நான்கு வாரம் குளிர்பெட்டியில் வைத்து, மார்ச்சில் நைசான எரிகேஷியஸ் கலவையின் (அமில மண் செடிகளுக்கான சுண்ணாம்பில்லாத கலவை) மேல் தூவி அமுக்கி விடுங்கள். மேலே மண் போட வேண்டாம்; முளைக்க வெளிச்சம் வேண்டும். 15 முதல் 20 டிகிரியில் இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளைக்கும். பிறகு பொறுமை வேண்டும். கதிர் பார்க்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். பெரிய பரப்பை மூட நினைப்பவருக்கு மட்டும் இந்த வழி.

பிளக் நாற்று: சிறு குழித்தட்டில் வளர்த்த நாற்று, தட்டுத் தட்டாக, மலிவாக வரும். ஆனால் வேர்ப்பகுதி சின்னது, இரண்டு நாள் காய்ந்தாலும் திரும்பி வராது. வந்த அன்றே 9 செ.மீ. தொட்டிக்கு மாற்றி, ஒரு கோடை வளர்த்துத் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். இடையில் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு இது சரிவராது.

9 செ.மீ. தொட்டி: கொடுக்கும் விலைக்கு நிறைவான பொருள் இதுதான். மே மாதத்தில் நட்டால் கோடை முழுவதும் புது வேர் விட நேரம் கிடைக்கும். அடுத்த ஆண்டு முடிவில், முந்தைய செப்டம்பரில் நட்ட 2 லிட்டர் செடியோடு உயரத்தில் சமமாக நிற்கும்.

2 லிட்டர் தொட்டி: உயரமான வகைகளுக்கு மட்டும் வாங்கலாம். இதிலும் வசந்தம்தான் காலம். இலையுதிர் காலத்தில் இந்தப் புல் வேர் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் தறுவாயில் இருக்கும். அப்போது நட்டால், தொட்டிக் கலவையிலேயே சுருண்ட வேரோடு ஈரக் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டும். களிமண்ணில் அந்தக் குழி நீர்த் தொட்டியாக மாறி, அடிக்கிழங்கு அழுகும். செப்டம்பர்ச் செடிகள் சாவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம், குளிர் இல்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், தொட்டியோடு மழை நேரே கொட்டாத சுவரோரம் வைத்து, கலவை முழுதாகக் காய்ந்துவிடாமல் பார்த்து, ஏப்ரலில் நடுங்கள்.

கடையிலேயே தொட்டியைக் கவிழ்த்துச் செடியை வெளியே இழுத்துப் பார்க்கத் தயங்காதீர்கள். வேர் வெளிர்மஞ்சளாக, கயிறுபோல் தடித்து இருக்க வேண்டும். கறுத்து, விரலில் வழுக்கினால் அழுகல். தொட்டியின் அடியில் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் பழைய சரக்கு. பாதி விலைக்குக் கொடுத்தால் பிரித்து நடலாம். மேல் மண்ணில் லிவர்வோர்ட் எனும் தட்டைப்பாசி படர்ந்திருந்தால் அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். உயிர் இருக்கிறதா என்ற ஐயம் வந்தால், தூரின் பருத்த அடியை விரல் நகத்தால் அமுக்குங்கள். கெட்டியாக, கீறினால் வெள்ளையாக இருந்தால் உறங்குகிறது. மெத்தென்று பழுப்பாக இருந்தால் போய்விட்டது.

அட்டைக் குழப்பம் ஒன்றும் உண்டு. போட்ஸ்டாம் அருகே போர்னிமில் நாற்றுப்பண்ணை நடத்திய கார்ல் ஃபோர்ஸ்டரின் பெயரில் ஒரு மோலினியாவும் இருக்கிறது, காலமாக்ராஸ்டிஸ் எனும் வேறொரு அலங்காரப் புல்லும் இருக்கிறது. இரண்டாவதே கடைகளில் அதிகம் விற்பது. “கார்ல் ஃபோர்ஸ்டர்” என்று மட்டும் கேட்டால் அதைத்தான் கையில் கொடுப்பார்கள். காலமாக்ராஸ்டிஸ் வசந்தத்தில் சீக்கிரமே பச்சை விட்டு, ஜூனிலேயே கதிர் விட்டு, குளிர்காலம் முழுக்க விறைத்து நிற்கும். அட்டை இல்லாமலே வேறுபடுத்த இலையும் உறையும் சேரும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மோலினியாவில் அங்கே மெல்லிய சவ்வு இருக்காது; குட்டை மயிர் வரிசை இருக்கும். காலமாக்ராஸ்டிஸில் சவ்வு இருக்கும்.

வகைகள்

குட்டையானவற்றில் எங்கும் கிடைப்பது ‘வேரியகேட்டா’. பச்சையில் பாலேடு நிற வரி, இலைத்தூர் 30 முதல் 45 செ.மீ., கதிர் 60 செ.மீ. வாக்கில். ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டச் சிறப்பு விருது பெற்றது. அழகில் குறையில்லை, வேகத்தில் குறை. இலையில் பச்சை குறைவு என்பதால் தூர் கட்ட மூன்று ஆண்டுகள் பிடிக்கும். வறண்ட வெயிலில் இலை நுனி கருகும். காலை வெயில் மட்டும் படும் இடமானால் சிறப்பாக இருக்கும். நடுவில் முழுப் பச்சைத் தாள் முளைத்தால் உடனே அடியோடு வெட்டி எடுங்கள். அதற்கு வலு அதிகம், விட்டால் தூரையே பிடித்துக்கொள்ளும். என் மதிப்பெண் 5க்கு 4.

‘மூர்ஹெக்ஸே’ ஒடுங்கி நிமிர்ந்து நிற்கும், கருத்த கதிர், முக்கால் மீட்டருக்குள் அடங்கும். சிறு முற்றத்துக்கும் நடைபாதை ஓரத்துக்கும் ஏற்றது. தனியாக ஒன்று வைத்தால் கண்ணில் படாது. ஏழெட்டுச் செடி சேர்ந்தால்தான் அழகு. ‘எடித் டுட்ஸூஸ்’ சற்று உயரம், தாள் கருஞ்சிவப்பு. இரண்டில் ஒன்றென்றால் இதையே எடுக்கலாம். ‘ஹைடெப்ரவுட்’ 1.2 மீட்டர் வரை போகும், இலையுதிர் நிறம் குட்டை வகைகளில் இதற்குத்தான் நன்றாக வருகிறது. ‘பால் பீட்டர்சன்’ என்ன செய்யும் என்று பார்க்க வடக்கு யார்க்‌ஷயரின் ஸ்காம்ப்ஸ்டன் தோட்டத்துக்குப் போகலாம். நெதர்லாந்துத் தோட்ட வடிவமைப்பாளர் பீட் ஔடால்ஃப் அங்கே வெட்டிய புல்தரைக்கு நடுவே இந்த ஒரே வகையை அலையலையான பட்டைகளாக நட்டிருக்கிறார். போனால் ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் போங்கள்.

உயரமான அருண்டினேசியாவில் ‘டிரான்ஸ்பேரண்ட்’ என்ற ஒன்றுக்கே 5க்கு 5. இலைத்தூர் முழங்கால் உயரம், அதன் மேல் கதிர்கள் 1.8 மீட்டர் வரை எழுந்து வெளிப்பக்கம் சாயும். கதிர் அவ்வளவு சன்னம் என்பதால் பாத்தியின் முன்வரிசையில் வைத்தாலும் பின்னால் உள்ள செடி மறையாது. ‘ஸ்கைரேசர்’ 2 மீட்டரைத் தாண்டும்; காற்று கடுமையாக வீசும் மூலையில் மழைக்குப் பிறகு சாய்ந்து கிடக்கும். ‘விண்ட்ஷ்பீல்’ இரண்டுக்கும் இடைப்பட்டது, கிடைத்தால் வாங்கலாம், தேடி அலைய வேண்டாம்.

நடுவது

களையை வேரோடு எடுங்கள், குறிப்பாக, மண்ணுக்கடியில் படரும் கவுச்சுப் புல்லை. அது மோலினியா தூருக்குள் நுழைந்துவிட்டால் பிரிக்க முழுச் செடியையும் தோண்ட வேண்டியிருக்கும். குழி, தொட்டி அளவைப்போல் இரு மடங்கு அகலம், அதே ஆழம். களிமண்ணானால் குழிக்குள் மட்டும் நல்ல கலவை போடுவது தவறு. சுற்றியுள்ள களி நீரைக் குழிக்குள் தள்ளும். அதற்குப் பதில் பாத்தி முழுவதும் 5 செ.மீ. இலை மட்கையோ மரப்பட்டை மட்கையோ பரப்பி, ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் கிளறி விடுங்கள். காளான் பண்ணைக் கழிவு மட்கு வேண்டவே வேண்டாம், அதில் சுண்ணாம்பு இருக்கும். குதிரைச் சாணமும் எலும்புத் தூளும் இந்தப் பாத்திக்கு ஆகாது.

செடியைத் தொட்டியோடு ஒரு மணி நேரம் மழைநீரில் ஊற வைத்து, வெளி வேர்களை விரலால் பிரித்து, தொட்டியில் மண் இருந்த அதே மட்டத்தில் நடுங்கள். ஒரு விரல் மேலே நின்றாலும் பரவாயில்லை, கீழே போகக் கூடாது. இடைவெளி: குட்டை வகைகளுக்கு 35 செ.மீ., அதாவது சதுர மீட்டருக்கு எட்டு. ‘ஹைடெப்ரவுட்’டுக்கு 45 செ.மீ., சதுர மீட்டருக்கு ஐந்து. உயரமானவற்றுக்கு 80 செ.மீ. முதல் ஆண்டில் அந்த 80 செ.மீ. வெறிச்சென்று தெரியும். இடையில் இன்னொன்று நட்டால் நான்காம் ஆண்டில் பிடுங்க வேண்டிவரும். முதல் கோடையில் மழை இல்லாத வாரங்களில் செடிக்கு 5 லிட்டர் வீதம் வாரம் ஒருமுறை, நிதானமாக. தினமும் ஒரு குவளை தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும்.

தொட்டியில்தான் வளர்ப்பேன் என்றால் குறைந்தது 30 செ.மீ. ஆழம் வேண்டும். எரிகேஷியஸ் கலவை மூன்று பங்கு, சுண்ணாம்பில்லாத கரடு மணல் ஒரு பங்கு. உரத்துகள் கலந்து விற்கும் கலவையானால் மேற்கொண்டு எதுவும் சேர்க்க வேண்டாம். உயரமான வகைகளைத் தொட்டியில் வைப்பது செடிக்கும் உங்களுக்கும் தண்டனை.

ஆண்டு வேலை

ஒரே ஒரு வெட்டு, பிப்ரவரி கடைசியில், தரையிலிருந்து 5 செ.மீ. விட்டு. அருண்டினேசியாவுக்குக் கத்தரிகூட வேண்டாம். குளிர்காலப் புயலில் தாள்கள் அடியில் தாமே ஒடிந்துவிடும், வாரினால் கையோடு வரும். ஜனவரி முழுவதும் கதிர் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு இது ஏமாற்றமே. காலமாக்ராஸ்டிஸ் அந்த விஷயத்தில் மேல்.

ஜூன், ஜூலையில் பச்சையாக வெட்டாதீர்கள். அடிக்கிழங்கில் சத்துச் சேர வேண்டிய நேரம் அது. மூர் நிலங்களில் இந்தப் புல்லை ஒடுக்க வேண்டும் என்று வரும்போது கோடையில் மாடு விட்டு மேய்ப்பதும் மீண்டும் மீண்டும் வெட்டுவதும் இதே காரணத்தால்தான். வீட்டில் அறியாமல் அதையே செய்துவிடக் கூடாது.

தூர் பிரிப்பது ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை, முளை 5 செ.மீ. வந்த பிறகு, ஏப்ரல் முடிவில். பழைய தூர் மரக்கட்டைபோல் இறுகியிருக்கும். கவைக்கோல் போதாது, பழைய ரம்பக் கத்தி எடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஐந்து முதல் எட்டு முளை இருக்க வேண்டும். ஒன்றிரண்டு முளையோடு பிய்த்தால் சேமிப்பு போதாமல் அந்தக் கோடையைத் தாண்டாது.

எங்கே கெடுகிறது

ஆகஸ்டில் செடி நடுவில் பிளந்து சாய்கிறது என்றால் முதலில் பாத்தியின் சத்தைச் சந்தேகப்படுங்கள். தழைச்சத்து அதிகமானால் இலை அகன்று கனக்கும், தாள் மெலியும். இரண்டாவது காரணம் நிழல். அரை நாள் வெயிலுக்குக் குறைந்தால் கதிர் வெளிச்சம் தேடி ஒரு பக்கமாக வளையும். ரோஜாவுக்குப் போடும் உரம் மழையில் கரைந்து பக்கத்துப் பாத்தியிலுள்ள மோலினியாவுக்குப் போவதும் நடக்கும். ரோஜாவும் மோலினியாவும் ஒரே பாத்தியில் இருப்பதே பொருந்தாக் கூட்டு.

மே, ஜூனில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் காரமண் இரும்பைக் கட்டிவைத்திருக்கிறது. கீலேட் இரும்பு (காரமண்ணிலும் செடி எடுத்துக்கொள்ளும் இரும்புக் கரைசல்) ஊற்றினால் அந்தப் பருவத்துக்குத் தேறும். அடுத்த ஆண்டு மறுபடி வரும். செடியை இடம் மாற்றுவதே தீர்வு. ஜூலையிலேயே இலை வைக்கோல் நிறமானால் வறட்சி. அந்த ஆண்டுக் கதிர் போயிற்று, தூர் பெரும்பாலும் பிழைக்கும்.

பூச்சித் தொல்லை குறைவு. நத்தை முளையைக் கடித்தாலும் செடி மீண்டுவிடும். கவனிக்க வேண்டியது எர்காட் பூஞ்சணம். கதிரில் மணிக்குப் பதில் கருஊதா நிறத்தில் முள்போல் சிறு குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் அது எர்காட். செடிக்குப் பெரிய கேடில்லை. ஆனால் அது நச்சு. குதிரையோ ஆடோ அருகில் மேய்ந்தால், எதையும் வாயில் வைக்கும் குழந்தை வீட்டில் இருந்தால், அந்தக் கதிர்களை வெட்டிக் குப்பையில் போடுங்கள். மட்குக் குழியில் வேண்டாம்.

யாருக்கு வேண்டாம்

ஹெதரை மையமாக வைத்துச் சிறு ஹீத் தோட்டம் போடுகிறவர்கள் காட்டு மோலினியாவைத் தவிர்க்கலாம். நெதர்லாந்தில் பண்ணைகளிலிருந்து காற்றில் கலந்த அமோனியா படிந்து மண்ணில் தழைச்சத்து ஏறியபோது, ஹெதர் வண்டு அரித்த இடங்களையெல்லாம் இந்தப் புல் பிடித்து, ஊதா ஹீத்துகள் புல்வெளிகளாயின. மேல்மண்ணையே சீவி எடுத்துத்தான் அங்கு ஹெதரை மீட்கிறார்கள். பஞ்சத்தில் அடங்கிக் கிடக்கும் புல், சத்துக் கொஞ்சம் கூடினாலே அண்டை அயலை நெருக்கும். பெயருள்ள தோட்ட வகைகளைப் பிரித்து நடுவதில் இந்த ஆபத்து குறைவு. இயற்கையான சதுப்பையோ மூரையோ ஒட்டி வீடிருந்தால் அவையும் வேண்டாம், விதை காற்றில் போகும்.

மேட்டுநிலத்தில் உதிர்ந்த இலை அடுக்கடுக்காகக் கிடந்து மார்ச், ஏப்ரலின் உலர்காற்றில் பற்றி எரிவதும் உண்டு. 2019 ஏப்ரலில் மேற்கு யார்க்‌ஷயரின் மார்ஸ்டன் மூரில் பரவிய பெருந்தீக்கு இரை இதன் சருகுதான். தூரின் உள்ளே முளை பத்திரமாக இருப்பதால் தீக்குப் பின் முதலில் எழுவதும் இதுவே. வீட்டில் இரண்டு மூன்று தூருக்குப் பயம் வேண்டாம். இறைச்சி வாட்டும் அடுப்புக்குப் பக்கத்தில் சருகைச் சேரவிடாமல் வாரினால் போதும்.

இவ்வளவு சொல்லிவிட்டு இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் மேற்கே செக்கர்ட் ஸ்கிப்பர் வண்ணத்துப்பூச்சியின் புழு உண்பது மோலினியா இலையைத்தான். ஸ்காட்ச் ஆர்கஸின் புழுவும் இதைத் தின்னும். அந்தப் பகுதிகளில் இடம் உள்ளவர்கள் தோட்ட வகையை விட்டு, உள்ளூர் விதையில் வந்த காட்டுச் செடியையே நடலாம். எர்காட் எச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

மண் காய்ந்த அமில மணலாக இருந்து இந்தப் புல் நிற்காது என்று தெரிந்தால், மாற்று அவெனெல்லா ஃப்ளெக்ஸுவோசா எனும் அலைமயிர்ப் புல். அதே ஹீத்தின் வறண்ட பக்கத்தில் வளர்வது, ஊசியிலை, பசுமை மாறாதது, அரை நிழலையும் தாங்கும். ஜூனிலேயே கதிர் விடும். ‘டாட்ரா கோல்ட்’ என்ற மஞ்சள்பச்சை வகை 9 செ.மீ. தொட்டியில் கிடைக்கும். 25 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். பசுமை மாறாதது என்பதால் பிப்ரவரி வெட்டு இதற்குக் கிடையாது. காய்ந்த இலையைக் கையால் கோதி எடுத்தால் போதும்.